சமுதாயக் கல்லூரியில் வணிகவியலும் சமூக அறிவியலும்: அணுபுரம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவில் தோன்றிய சமுதாயக் கல்லூரி இரு பணிகளைச் செய்தது. ஒன்று தொழிற்பயிற்சி, மற்றொன்று பல்கலைக்கழகப் பட்டத்தின் முதல் இரண்டாண்டுகளை உள்ளூரிலேயே கற்பித்தல். 1995க்குப் பின் இந்தியாவிற்கு வந்த சமுதாயக் கல்லூரி முதற்பணியை மட்டுமே பெரிதும் ஏற்றது. அதனால் வணிகவியல் கணக்கு மென்பொருட் பயிற்சியாகவும், சமூக அறிவியல் வாழ்க்கைத்திறன் வகுப்பாகவும் சுருங்கின. இவ்விரு துறைகளையும் பிரித்துக் கற்பிப்பதால் கற்போர் இழப்பது யாது என்பதைக் கல்பாக்கம், அணுபுரம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வட்டாரத்தின் தொழில்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்க் கணக்கியற் சொற்கள் கற்றலில் ஏற்படுத்தும் இடர்ப்பாடும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமுதாயக் கல்லூரி, வணிகவியல், சமூக அறிவியல், பற்று, வரவு, பங்குமுறை, அணுபுரம்.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியில், கல்பாக்கம் நகரியத்தை அடுத்து அணுசக்தித் துறை உருவாக்கிய இரண்டாவது பணியாளர் குடியிருப்பு அணுபுரம். 1971இல் அணுஉலை ஆராய்ச்சி மையம் கல்பாக்கத்தில் தொடங்கப்பெற்றது. 1985இல் அது இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984இல் வணிக முறையில் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. இந்நிறுவனங்களின் பணியாளர்களுக்காக எழுந்த ஊராதலால் தொழிலே அதன் பெயராயிற்று. நேரான தெருக்களும் துறையின் பள்ளியும் கொண்ட இத்திட்டமிட்ட குடியிருப்பிற்குக் கிழக்கே உய்யாலிக்குப்பம், சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு முதலிய கடலோர ஊர்கள் உள்ளன, மேற்கே திருக்கழுக்குன்றம், வடக்கே மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்கள். மாதச் சம்பளம், நாட்கூலி, கடற்பங்கு, சிற்பத்திற்கு வாங்கும் முன்பணம் என்னும் நால்வகை வருவாய்கள் சில கிலோமீட்டர் தொலைவிற்குள் அருகருகே இயங்கும் வட்டாரம் இது.

இத்தகைய வட்டாரத்தில் மேல்நிலைக் கல்வியோடு நின்றுவிட்ட ஒருவர், தம் ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லாமல் ஓராண்டோ ஈராண்டோ பயில விரும்பினால் எதைப் பயில வேண்டும் என்பதே சமுதாயக் கல்லூரி என்னும் கருத்தாக்கம் எழுப்பும் வினா. கணினியில் கணக்கெழுதவோ, கடையில் விற்பனை செய்யவோ பயிற்சி பெற்றால் போதும் என்பது நடைமுறையில் உள்ள விடை. அவ்விடை போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பெயரும் பொருளும்

‘சமுதாயக் கல்லூரி’ என்பது தமிழ்நாட்டில் நிலைபெற்றுவிட்ட மொழிபெயர்ப்பு. புலம்பெயர் தமிழரிடையே ‘சமூகக் கல்லூரி’ என்னும் வழக்கும் உண்டு. இரண்டில் எது சரி என்னும் விவாதம் இங்குத் தேவையில்லை. ஆயின் ‘சமுதாயம்’ என்னும் சொல் தமிழக மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் பெரும்பாலும் சாதியைக் குறிக்கும் மென்மொழியாகிவிட்டது என்பதை மறக்கலாகாது. ‘எங்கள் சமுதாயத்து மாணவர்’ என்றால் கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடும். ஒரு வட்டாரத்து மக்கள் அனைவருக்கும் உரிய கல்லூரி என்னும் மூலக்கருத்து இப்பெயரில் தானாக வெளிப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலக்கருத்து உருவான வரலாறு சுருக்கமானது. 1901இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் இளநிலைக் கல்லூரி ஆறு மாணவர்களுடன் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியை முடித்தோர் வீட்டிலிருந்தவாறே பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைப் பயில வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதாவது அக்கல்லூரி பிறந்தது தொழிற்பயிற்சிக்காக அன்று, பட்டப்படிப்பின் படிக்கட்டாக. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947இல் அளித்த அறிக்கை ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரைப் பரவலாக்கியது; தொழிற்கல்வியும் பொதுக்கல்வியும் அங்கு ஒருங்கே அமைய வேண்டும் என்றது. இன்றும் அக்கல்லூரிகள் பலவற்றில் வணிகமும் சமூக அறிவியலும் ஒரே புலத்தின் கீழ் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பொருளியல் இரண்டிற்கும் இடையே பாலமாக நிற்கிறது. கணக்கியல் பயில்பவர் சமூகவியலையும், உளவியல் பயில்பவர் வணிகச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஏறத்தாழ 60 மதிப்பலகுகள் முடித்தால் இணைப் பட்டம் கிடைக்கும். அதைக் கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர இயலும்.

இந்தியாவிற்கு வந்த வடிவம்

இந்தியாவில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியால் சென்னைச் சமுதாயக் கல்லூரி எழுந்தது. பின்னர் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் தலைமையில் இயங்கிய சமுதாயக் கல்வி ஆய்வு மேம்பாட்டு மையம் இம்முறையைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்றது. பள்ளிப்படிப்பை இடையில் விட்டோர், நகர்ப்புற ஏழைகள், வேலைவாய்ப்பற்ற பெண்கள் ஆகியோரே அதன் இலக்கு. வயது வரம்போ உயர்ந்த மதிப்பெண்ணோ வேண்டப்படவில்லை. வாழ்க்கைத்திறன், தொழில்திறன், நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி, வேலைக்கு ஆயத்தமாதல் என அதன் பாடத்திட்டம் அமைந்தது.

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளை ஏற்று, தொழிற்பட்டயங்கள் வழங்கியது. 2009இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது, அது நீடிக்கவில்லை. பல்கலைக்கழக மானியக்குழு 2013இல் கல்லூரிகளிலும் தொழில்நுட்பப் பயிலகங்களிலும் சமுதாயக் கல்லூரித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு இறுதியில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. அதன் நிலைகளுக்கேற்பப் பாடங்கள் வகுக்கப்பட்டன. ஓராண்டுப் பட்டயத்திற்கு 60 மதிப்பலகுகள். அவற்றுள் 36 திறன் பகுதிக்கும் 24 பொதுக்கல்விக்கும் உரியவை.

இப்பகுப்பு நுட்பமாக நோக்கத்தக்கது. அமெரிக்க இணைப் பட்டமும் இந்தியப் பட்டயமும் ஒரே எண்ணைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் அங்கு 60 என்பது ஈராண்டு, இங்கு ஓராண்டு. அங்கு அது வழக்கமான இளங்கலைப் பட்டத்தின் பாதி. இங்குத் தொழிற்கல்வி இளங்கலை என்னும் தனித்தடத்தில் மூன்றில் ஒரு பங்கு. சில்லறை வணிக மேலாண்மையில் பட்டயம் பெற்ற மாணவி அதைக் கொண்டு வழக்கமான பி.காம். இரண்டாம் ஆண்டில் சேரும் வழி நடைமுறையில் அரிது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கையும் 2021இல் தொடங்கிய கல்விசார் மதிப்பலகு வங்கியும் அத்தகைய மாற்றத்தை ஏட்டளவில் ஏற்கின்றன.

பொதுக்கல்விக்கெனத் தரப்பட்ட 24 மதிப்பலகுகள் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சு, கணினி அடிப்படை, ஆளுமை வளர்ச்சி ஆகியவற்றிற்கே செலவிடப்படுகின்றன. ஒரு மதிப்பலகுக்குப் பதினைந்து மணிநேரம் என்னும் கணக்கில் 24 என்பது 360 மணிநேரம். ஒரு வட்டாரத்தின் பொருளியலையும் சமூக உறவுகளையும் கற்க அது குறைந்த நேரமன்று. ‘வாழ்க்கைத்திறன்’ என்னும் பெயரில் நேர்முகத் தேர்வுக்குச் சட்டை அணியும் முறையைக் கற்பித்துவிட்டு, வேலை தருபவர் யார், கூலி எவ்வாறு முடிவாகிறது என்பவற்றைப் பேசாமல் விடுவது அந்நேரத்தை வீணாக்குவதேயாம்.

பற்றும் வரவும்: சொல் தரும் இடர்

சமூக அறிவியல் இல்லாமல் வணிகவியலின் முதற்பாடத்தைக்கூட விளக்க இயலாது என்பதற்குத் தமிழ்க் கணக்கியற் சொற்களே சான்று. வீட்டில் பணம் வந்தால் வரவு, போனால் செலவு. இதைச் சிறுவயதிலிருந்தே அறிந்த மாணவர், கணக்குப்பதிவியல் வகுப்பில் ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் ‘பற்று’ எழுத வேண்டும் என்று கேட்கிறார். வந்த பணம் எவ்வாறு பற்றாகும்? ஆசிரியர் விதியை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். ஆங்கிலவழி மாணவருக்கு இக்குழப்பம் குறைவு. அச்சொற்கள் அவருக்கு அன்றாட வழக்கில் வேறு பொருள் தருவதில்லை. தமிழ்வழி மாணவருக்கு அவரது தாய்மொழி அறிவே தடையாகிறது.

இதன் விடை மளிகைக் கடையில் இருக்கிறது. கடனுக்குப் பொருள் தரும் கடைக்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் ஒரு பக்கம் வைத்திருப்பார். அப்பக்கத்துக்கு உரியவர் அரிசியோ பருப்போ எடுத்துச் சென்றால் அது அவர் ‘பற்று’. அதாவது அவர் பற்றிக்கொண்டது. பின்னர் அவர் பணம் செலுத்தினால் அது அவரிடமிருந்து வந்த ‘வரவு’. எனவே பற்று, வரவு என்பன கடைக்காரரின் பணப்பெட்டியைப் பற்றிய சொற்கள் அல்ல; பக்கத்துக்கு உரிய ஆளைப் பற்றியவை. பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்னும் விதி இவ்வழக்கிலேயே அடங்கியுள்ளது. இனிப் பணப்பெட்டியையும் ஓர் ஆளாகக் கருதி அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால், பெட்டி பெற்ற பணம் பெட்டியின் பற்றாகும். குழப்பம் நீங்கிவிடுகிறது. வீட்டுக் கணக்கின் ‘வரவு’ வீட்டாரின் நோக்கில் எழுந்தது; பேரேட்டின் ‘வரவு’ கடன் உறவின் நோக்கில் எழுந்தது. ஒரே சொல் இரு உறவுகளைக் குறிக்கிறது.

இவ்விளக்கத்தைத் தருவதற்கு ஆசிரியர் கணக்கியலோடு கடனின் சமூக வரலாற்றையும் சிறிது அறிந்திருக்க வேண்டும். ‘பற்று ஏடு’ வைத்திருக்கும் கடை எவ்வூரில் இன்றும் இயங்குகிறது, யாருக்குக் கடன் தரப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று மாணவரைக் கேட்கச் சொன்னால் அதுவே சமூகவியல் களப்பணியும் ஆகும்.

கலைச்சொல் ஒருமையின்மை மற்றோர் இடர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணக்குப்பதிவியல்’ என்பதை இலங்கைத் தமிழர் ‘கணக்கீடு’ என்பர். இங்கு ‘இருப்பாய்வு’; அங்குப் ‘பரீட்சை மீதி’. இங்கு ‘இருப்புநிலைக் குறிப்பு’, அங்கு ‘ஐந்தொகை’. ஐந்தொகை என்னும் சொல் தமிழ்நாட்டிலும் முன்னர் வழங்கியதே. இச்சொற்களை எதிரெதிரே வைத்துக் கற்பித்தால் ஒரு கருத்தை இரு வழிகளில் விளங்கிக்கொள்ள முடியும். தேர்வுத்தாளில் மட்டும் ஒரு வழக்கைக் கடைப்பிடிக்கலாம்.

கடற்பங்கில் மறையும் வட்டி

அணுபுரத்திற்குக் கிழக்கேயுள்ள கடலோர ஊர்களில் ஃபைபர் படகில் தொழில் செய்வோரின் வருவாய் பங்குமுறையில் பிரிக்கப்படுகிறது. பிடித்த மீன் கரையில் ஏலம் போகும். ஏலத் தொகையிலிருந்து எரிபொருள், பனிக்கட்டி, உணவு முதலிய செலவுகள் கழிக்கப்படும். எஞ்சியதைப் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, தொழிலாளர்க்கு ஒரு பகுதி எனப் பிரிப்பர். விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை வேறுபடும். நட்டம் வந்தால் அதுவும் பங்கே. கூலிமுறையிலிருந்து இது வேறுபட்டது. கடலின் நிச்சயமின்மையை அனைவரும் சேர்ந்து தாங்குதற்கு ஏற்பட்ட ஏற்பாடு எனலாம்.

படகும் இயந்திரமும் வாங்கப் படகு உரிமையாளர் மீன் வணிகரிடம் முன்பணம் பெறுவதுண்டு. அதற்கு வட்டி இல்லை என்றே சொல்லப்படும். அதற்கு ஈடாக, பிடிக்கும் மீனை அவ்வணிகர் வழியாகவே விற்க வேண்டும். விற்பனையில் ஒரு விழுக்காடு அவருக்குக் கழிவாகச் செல்லும். விளக்கத்தின் பொருட்டுச் சில தொகைகளைக் கொள்வோம். முன்பணம் 1,00,000 ரூபாய். வார விற்பனை 30,000 ரூபாய். கழிவு 5 விழுக்காடு. அதாவது வாரம் 1,500 ரூபாய். ஆண்டில் 40 வாரம் தொழில் நடந்தால் கழிவு 60,000 ரூபாய். வட்டியில்லாக் கடன் என்று பெயர் பெற்றது ஆண்டுக்கு 60 விழுக்காடு செலவு வைக்கிறது. முதலோ அப்படியே நிற்கிறது. கழிவில் ஒரு பகுதி ஏலம் நடத்தும் பணிக்குரிய ஊதியம் எனக் கொண்டாலும், 12 விழுக்காட்டு வங்கிக் கடனின் வட்டியாகிய 12,000 ரூபாயோடு ஒப்பிட வேறுபாடு பெரிது.

கணக்கியல் மட்டும் பயின்றவர் இங்கு நின்றுவிடுவார். ‘வங்கிக்கு மாறுக’ என்று அறிவுரை கூறுவார். உரிமையாளர் மாறுவதில்லை. அவர் அறியாமையால் மாறவில்லை என்று எண்ணுவது பிழை. வங்கி பிணை கேட்கிறது, வணிகர் கேட்பதில்லை. கடல் கொந்தளித்து வாரக்கணக்கில் தொழில் இல்லாதபோது வங்கியின் தவணை நிற்காது. வணிகரின் கழிவோ விற்பனை இல்லையெனில் இல்லை. நள்ளிரவில் மருத்துவமனைக்குப் பணம் வேண்டுமெனில் வணிகர் வீட்டுக் கதவைத் தட்டலாம். எனவே அந்த 60,000 ரூபாயில் வட்டியோடு காப்பீட்டுக் கட்டணமும் ஓர் உறவின் விலையும் கலந்துள்ளன. இவற்றைப் பிரித்தறியாமல் கடனை மதிப்பிட இயலாது.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கழிவு எப்போது கழிக்கப்படுகிறது? பங்கு பிரிப்பதற்கு முன். மேற்கண்ட எடுத்துக்காட்டில், எஞ்சியதை உரிமையாளரும் தொழிலாளரும் பாதிப் பாதியாகப் பிரிப்பதாகக் கொண்டால், வாரம் 1,500 ரூபாய்க் கழிவில் 750 ரூபாய் தொழிலாளர் பங்கிலிருந்து போகிறது. ஆண்டுக்கு 30,000 ரூபாய். ஐவர் எனில் ஒருவருக்கு 6,000 ரூபாய். ஏலப்பணிக்குரிய பகுதியைத் தள்ளிவிட்டாலும், கடன் வாங்காத ஐவர் கடன் வாங்கியவரின் வட்டியில் ஒரு பகுதியைச் செலுத்துகின்றனர். ஏட்டில் இது எங்கும் ‘வட்டி’ என்று எழுதப்படுவதில்லை. ‘கழிவு’ என்றே இருக்கும். பங்குமுறை என்னும் நியாயமான ஏற்பாட்டிற்குள் இச்சுமை ஓசையின்றிப் புகுந்துவிடுகிறது. இதைக் கண்டறியப் பேரேடு எழுதத் தெரிய வேண்டும். பங்குமுறையும் கடனுறவும் ஊர்க் கட்டுப்பாடும் எவ்வாறு இயங்குகின்றன என்பதும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர் கண்ணுக்கு இது புலப்படாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையோரமெங்கும் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டன. கல்பாக்கமும் அப்பேரலையில் உயிரிழப்பைக் கண்ட ஊர். படகைத் தொழிற்கருவியாக மட்டும் பார்த்த நிவாரணம், அதைச் சுற்றியிருந்த கடனையும் பங்கையும் மீன் விற்கும் பெண்களையும் எந்த அளவிற்குக் கணக்கில் கொண்டது என்பது தனி ஆய்வுக்கு உரியது.

சம்பளச் சீட்டைப் படித்தல்

திட்டமிட்ட குடியிருப்பின் துப்புரவு, தோட்டம், காவல், கட்டடப் பராமரிப்பு போன்ற பணிகள் நாடெங்கும் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் வழியாகவே நடைபெறுகின்றன. இத்தகைய பணியில் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவரின் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளர் வருங்கால வைப்புநிதிக்கு 12 விழுக்காடாக 1,800 ரூபாயும், தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக்கு 0.75 விழுக்காடாக 113 ரூபாயும் பிடித்தம் போக அவர் கையில் 13,087 ரூபாய் கிடைக்கும். வேலையளிப்பவர் தம் பங்காக வைப்புநிதிக்கு 1,800 ரூபாயும் ஈட்டுறுதிக்கு 3.25 விழுக்காடாக 488 ரூபாயும் செலுத்த வேண்டும். அவ்வகையில் வேலையளிப்பவருக்கு ஆகும் செலவு 17,288 ரூபாய். வேலையளிப்பவர் செலுத்தும் 1,800 ரூபாயில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது.

13,087க்கும் 17,288க்கும் இடையேயுள்ள 4,201 ரூபாய் எங்கே செல்கிறது என்பது வணிகவியல் வினா. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அத்தொகை எவ்வாறு தொடர்கிறது, தொழிலாளர் ஏன் கேட்பதில்லை என்பது சமூக அறிவியல் வினா. 2014 முதல் வைப்புநிதிக்குப் பொதுக்கணக்கு எண் நடைமுறையில் உள்ளது. அவ்வெண் ஆளைத் தொடர்கிறது, ஒப்பந்ததாரரை அன்று. பழைய எண்ணைத் தராமல் ஒவ்வொரு முறையும் புதிய கணக்கைத் தொடங்கினால் சேமிப்பு துண்டுதுண்டாகச் சிதறும். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் எழுத்தராகப் பயிற்சி பெறும் மாணவிக்கு மென்பொருளில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்பது கற்பிக்கப்படும். அக்கட்டத்தில் வெற்றிடம் விடப்பட்டால் யார் எதை இழக்கிறார் என்பதும் கற்பிக்கப்பட வேண்டும். அப்பட்டியலில் அவள் தாயின் பெயரும் இருக்கக்கூடும்.

குழுவும் கூடமும்

பெண்களைப் பொறுத்தவரை இவ்விணைப்புக் கல்வி ஏற்கெனவே ஒரு வடிவில் நடந்தேறியுள்ளது. 1983இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. பின்னர் அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் விரிந்தது. தீர்மான ஏடு, சேமிப்பு ஏடு, கடன் பேரேடு ஆகியவற்றை எழுதியதே பல பெண்களுக்குக் கணக்கியலின் முதல் வகுப்பு. ‘இரண்டு வட்டி’ என்பது மாதம் நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 விழுக்காடு என்பதை அவர்கள் பள்ளியில் கற்றதைவிடக் குழுவில் தெளிவாகக் கற்றனர். கடன் யாருக்கு முதலில் தருவது என்னும் விவாதத்தில் குடும்பம், சாதி, குடிப்பழக்கம் அனைத்தும் பேசப்பட்டன. இவ்வாறு பத்தாண்டு ஏடு எழுதியவரின் அறிவிற்கு எந்தச் சான்றிதழும் இல்லை. முன்னறிவை மதிப்பிட்டு மதிப்பலகு வழங்கும் முறையைச் சமுதாயக் கல்லூரி உண்மையிலேயே மேற்கொண்டால் முதலில் பயன்பெற வேண்டியோர் இவர்களே.

தொழிலறிவு பட்டமாக உயர்ந்ததற்கு இவ்வட்டாரத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி மையம் பின்னர் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. வை. கணபதி ஸ்தபதி அதன் முதல்வராகப் பணியாற்றினார். குலவழிக் கூடத்தில் தந்தையிடம் மகன் கற்ற உளிவேலை, சிற்பநூற் பயிற்சியோடும் வரைகலையோடும் இணைந்து பிறருக்கும் உரிய பல்கலைக்கழகப் பட்டமாயிற்று. கையின் திறனும் நூலின் அறிவும் ஒரே கூரையின்கீழ்ச் சேர இயலாது என்னும் வாதத்திற்கு அக்கல்லூரி விடையாக நிற்கிறது. ஆயின் சிற்பக்கூடத்தின் வணிகப் பக்கம், அதாவது கல்லின் விலை, பாதியில் விரிசல் கண்ட சிலையின் நட்டம், முன்பணத்தில் கூலி கொடுத்து இறுதித் தொகைக்குக் காத்திருக்கும் மாதங்கள் ஆகியவை, தனிப் பாடமாக விரிவதற்குரிய பொருள். 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றன. அக்குறியீட்டை யார் பயன்படுத்தலாம், அதனால் கூடத்தின் உரிமையாளருக்கும் நாட்கூலிச் சிற்பிக்கும் கிடைக்கும் பயன் ஒன்றா என்னும் வினாக்கள் இரு துறைகளுக்கும் பொதுவானவை.

பாடத்திட்டத்தில் இடம்

மேற்கூறியவற்றைக் கற்பிக்கப் புதிய திட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. 24 மதிப்பலகுகளே போதும். மானியக்குழுவின் விதிப்படி களப்பணிக்கு வகுப்பு நேரத்தில் பாதி மதிப்பே தரப்படும். ஆகவே ஒரு மதிப்பலகுக்கு 30 மணிநேரம் களத்தில் செலவிட வேண்டும். ஒரு பருவத்தில் இரண்டு மதிப்பலகுகளை இதற்கு ஒதுக்கினால் 60 மணிநேரம் கிடைக்கும். கடற்கரை ஏலம் ஒன்றை ஒரு மாதம் தொடர்ந்து பதிவு செய்யவோ, விருப்பமுள்ள தொழிலாளர் சிலரின் சம்பளச் சீட்டுகளை அவர்களோடு அமர்ந்து படிக்கவோ அந்நேரம் போதுமானது. பதிவு செய்ததை அதே பருவத்தின் கணக்கியல் வகுப்பில் பேரேடாக மாற்ற வேண்டும். கணக்கியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரே பதிவேட்டைத் திருத்துவர்.

நடைமுறைச் சிக்கல் மதிப்பீட்டில் எழுகிறது. திறன் பகுதியைத் துறைசார் திறன் மன்றம் மதிப்பிடுகிறது. பொதுக்கல்விப் பகுதியைப் பல்கலைக்கழகம் மதிப்பிடுகிறது. மீன் ஏலக் கணக்கைப் பேரேடாக எழுதிக் கழிவினுள் மறைந்த வட்டியைப் பிரித்துக் காட்டிய மாணவியின் பதிவேடு எவ்வகையைச் சேர்ந்தது? இரு பகுதிகளும் தனித்தனியே தேர்வு பெறும்வரை ஆசிரியர்களும் தனித்தனியாகவே கற்பிப்பர்.

சேர்க்கை நிலையிலும் இதே சிக்கல் தொடர்கிறது. தொடக்ககாலச் சமுதாயக் கல்லூரி பள்ளியை இடையில் விட்டவரை வரவேற்றது. மானியக்குழுத் திட்டத்தின் பட்டயங்களோ மேல்நிலைக் கல்விக்குப் பிந்தைய நிலையில் வைக்கப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பொருளியலும் பயின்று தேறிய மாணவிக்குக் கதவு திறந்திருக்கிறது. அதே வகுப்பில் தவறியவளின் கதவு மூடியிருக்கிறது. முதலாமவள் ஓராண்டு பயின்று 60 மதிப்பலகுகளுடன் செங்கல்பட்டில் உள்ள கலைக்கல்லூரி ஒன்றின் சேர்க்கை மேசைக்கு வரும்போது, அவற்றுள் எத்தனை ஏற்கப்படும் என்பதை அவள் பட்டயத்தில் சேர்வதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு பட்டயம் வழங்கும் நிறுவனத்தையும் இணைவு தரும் பல்கலைக்கழகத்தையும் சார்ந்தது. கல்லூரி விளக்கக் குறிப்பேட்டில் கட்டணப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் அதற்கு இடமுண்டு.